படுத்திருப்பவர்கள் எழுதுவதில்லை

கீழிருந்து மேலே வாசிக்கிறார். ஹனோவர் டிராமின் கடைசி இருக்கையில், மதியம் ஒன்றரைக்கு, காலை வேலை முடிந்து வீடு திரும்பும் பிறேமா அக்கா கைப்பேசியைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்திருக்கிறார். அவர் வேலை செய்யும் முதியோர் பராமரிப்பு நிறுவனத்தைப் பற்றி இணையத்தில் சனங்கள் எழுதிய மதிப்புரைகள். ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களிடம்தான் தொடங்குவார். அதே டிராமில் வேலைக்குப் போய்வருகிற என்னிடம் அதற்குக் காரணமும் சொன்னார்.

"நல்லது எழுதிறவை ரெண்டு சொல்லோட போயிடுவினம், தங்கச்சி. கோவத்தில எழுதிறவைதான் வீட்டுக்குள்ள என்ன நடந்தது எண்டு எழுதுவினம்."

வயது ஐம்பத்தாறு. மன்னாரிலிருந்து வந்து இருபத்தேழு வருடம். அதில் பதினொரு வருடம் இந்த வேலை. காலை ஆறு மணிக்கு நிறுவனத்தின் சின்னக் காரில் புறப்பட்டு, தனியே இருக்கும் முதியவர்களைக் கழுவி, உடுப்பு மாற்றி, மருந்துக் குளிசை கொடுத்து, அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். குளிர்காலத்தில் மாடிப்படி ஏறும்போதே கம்பளித் தொப்பியைக் கழற்றி, இரண்டு கைகளையும் அதற்குள் நுழைத்துக்கொள்வார். "குளிர்ந்த கையோட ஒருத்தரைத் தொடக்கூடாது."

பெயரில்லாத மதிப்புரையையும் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார். "இது மகள். மகன்மார் ரெலிபோன் எடுக்கேல்லை எண்டுதான் எழுதுவினம். மகள்மார்தான் தலை வாரி இழுக்கேல்லை, நகம் வெட்டேல்லை எண்டு பாப்பினம்." பிறகு சேர்த்துக்கொண்டார்: "படுத்திருக்கிற சனம் ஒண்டும் எழுதுறேல்லை, கவனிச்சனீங்களோ?"

பதினொரு வருடத்தில் ஒரே ஒருவர் அவரைப் பெயர் சொல்லிப் புகழ்ந்திருக்கிறார். 'ஃபிறவ் பிறேமர்', அதாவது திருமதி பிறேமர், என்று எழுதிவிட்டார். அது சுத்தமான ஜெர்மன் பெயர். அலுவலகத்தில் அப்படி யாருமில்லையே என்று இரண்டு நாள் தேடினார்களாம்.

அவர் பெயரைப் பிழையில்லாமல் எழுதியவர், லீனெமன் அம்மாவின் மகன்.

எண்பத்தெட்டு வயதான லீனெமன் அம்மா மூன்றாம் மாடியில் தனியே படுத்திருந்தார். சர்க்கரை வருத்தம், தானாகப் புரண்டு படுக்க முடியாது. மகனுக்குத் தெற்கே வேலை. பெப்ரவரியில் நிறுவனத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் காய்ச்சலில் விழ, பதின்மூன்று வீட்டுக்குப் பதில் பத்தொன்பது வீடு பிறேமா அக்காவின் தலையில் விழுந்தது. நான்கு காலைகள் லீனெமன் அம்மாவின் முகத்தைத் துடைத்து, குளிசையைக் கொடுத்து, கீழே ஓடினார். புரட்டவில்லை, போர்வையை விலக்கிக் காலைப் பார்க்கவில்லை. ஆனால் கைப்பேசிப் பட்டியலில் 'புரட்டியாயிற்று', 'தோல் பார்த்தாயிற்று' என்ற கட்டங்கள் இருந்தன. அவற்றுக்குச் சரி போடாவிட்டால் பட்டியலில் அடுத்த வீடு திறக்காது. சரி போட்டார்.

ஐந்தாம் நாள் போர்வையை விலக்கியபோது குதிக்கால் கறுத்திருந்தது. தானே மருத்துவரை அழைத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். படுக்கைப் புண் எலும்பு வரை போய்விட்டது. மகன் ஒரு நட்சத்திரம் போட்டு, குதிக்காலைப் பற்றி எழுதி, கடைசி வரியில் 'காலையில் வருபவர் ஃபிறவ் பிறேமா' என்று முடித்திருந்தார். கீழே நிறுவனத்தின் பதில்: வருந்துகிறோம், தொடர்புகொள்ளுங்கள்.

மேலாளர் பிறேமா அக்காவை அறைக்கு அழைத்து ஒரு தாளை நீட்டினார். தினமும் புரட்டினேன் என்று கையெழுத்திட்டால், பொய்க் குற்றச்சாட்டு என்று வக்கீல் மூலம் மதிப்புரையை நீக்கிவிடலாம்.

"நான் புரட்டேல்லை எண்டு சொன்னன். 'நீங்களே சரி போட்டிருக்கிறீர்களே' எண்டா அந்த மனுசி. ஆனா கையெழுத்து வைக்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்."

அவர் கையெழுத்து தேவைப்படவும் இல்லை. அந்த நான்கு 'சரி'களை இணையத்தளத்துக்கு அனுப்பியே வக்கீல் வேலையை முடித்தார். ஏப்ரல் முதல் வாரம், டிராமில், பிறேமா அக்கா கீழிருந்து மேலே வந்து, மறுபடி மேலிருந்து கீழே போனார். அந்த மதிப்புரை இல்லை. அதே வாரம் லீனெமன் அம்மாவும் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஆள் கிடைக்காத தொழில். பிறேமா அக்காவை வேலையிலிருந்து யாரும் நிறுத்தவில்லை. மறுநாள் காலை பதினைந்து வீடு.

லீனெமன் அம்மா வீட்டுத் திறப்புச் சாவி அவரிடம் இருந்தது. தபாலில் அனுப்பலாம் என்றது அலுவலகம். மாட்டேன் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "என்ர டொச் பாஷை வேலைக்குக் காணும். இதுக்குக் காணாது. நீங்கள் பக்கத்தில நில்லுங்கோ."

கதவைத் திறந்தவருக்கு அறுபது இருக்கும். சவரம் செய்யாத முகம். இவரைப் பார்த்ததுமே, "ஃபிறவ் பிறேமா?" என்றார். "நான் எழுதியதை அழித்துவிட்டார்கள். நீங்கள் கேட்டா?"

"இல்லை," என்றார் பிறேமா அக்கா, ஜெர்மன் மொழியில், ஒவ்வொரு சொல்லாக. "நீங்கள் எழுதியது சரி. நாலு நாள் நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று போட்டேன்."

நான் வாய் திறக்கத் தேவை இருக்கவில்லை. அந்த மனிதர் கதவின் கைப்பிடியை விடாமல் நின்றார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஜனவரியில் வந்திருந்தேன்," என்றார் கடைசியில். "இரண்டு நாள் இருந்தேன். நானும் போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. அவர் சற்று விலகி வழிவிட, உள்ளே போனோம். கூடம் முழுக்கப் பெட்டிகள். படுக்கையறையை மட்டும் யாரும் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டுபோன அன்று எப்படிக் கசங்கிக் கிடந்ததோ, அப்படியே கிடந்தது கட்டில்.

பிறேமா அக்கா திறப்பை மேசையில் வைத்தார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, விரிப்பின் சுருக்கங்களை உள்ளங்கையால் ஒவ்வொன்றாக நீவி, ஓரத்தை இழுத்து, மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் சொருகினார்.