நிச்சயத்துக்கு முன் ஒரு தெரு

பாகூரைத் தாண்டி ஒரு தெருமுனையில் என் ஸ்கூட்டர் நிற்கிறது. நேற்றைய மழையில் தெரு முழுக்கச் சேறு. டிராக்டரில் வந்திருக்கும் உடைந்த செங்கல்லையும் காரைக் கட்டிகளையும் பாண்டுச் சட்டியில் அள்ளி, பெண்கள் சிலர் சேற்றில் கொட்டுகிறார்கள். பக்கத்தில் ஒரு மாடி வீட்டை இடிக்கிறார்களாம். கழிவை ஏரிக்கரையில் கொட்டப் போன டிராக்டரை இவர்கள் மறித்து இங்கே திருப்பியிருக்கிறார்கள்.

சுத்தியலால் கட்டிகளை உடைக்கும் பெண்ணிடம், "எதுக்கு இவ்ளோ அவசரம்?" என்கிறேன்.

"மத்தியானம் நிச்சயதார்த்தம் சார். பொண்ணு பாக்க வந்தப்ப வேன் சேத்துல மாட்டிக்கிச்சு. எறங்கித் தள்ளுன மாப்ள வேட்டியெல்லாம் சேறு. இனிமே இந்தத் தெருவுல கால வெக்க மாட்டேன்னு அவங்க அம்மா ஒரே கோவம்."

"பொண்ணு யாரு?"

"நாந்தான்!" என்று சிரிக்கிறாள்.

"இன்னும் இங்க இன்னாடி பண்ற, கலை? போய்க் குளி!" என்று அவள் அம்மா கத்துகிறார். நானும் ஒரு பாண்டை வாங்கிக்கொள்கிறேன்.

கடைசிப் பள்ளம் நிரம்பும்போதே வேன் வந்துவிடுகிறது. கலை சுத்தியலைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடுகிறாள். செங்கல்லை நொறுக்கியபடி வேன் மெதுவாக ஊர்கிறது. எங்கும் சிக்காமல் அது வாசலில் வந்து நிற்கிறது.

மாப்பிள்ளையின் அம்மா இறங்கி, தரையைக் காலால் அழுத்திப் பார்க்கிறார். "பரவால்லியே, கெட்டியாத்தான் இருக்கு."

உள்ளேயிருந்து கலையின் குரல் வருகிறது: "நீங்க நாலு தடவ வந்து போனா இன்னும் கெட்டியாயிடும் அத்தை!"