மிதிக்காத ரப்பர் விரிப்பு

எழுபதுகளில் வடகரப்பதியில் எங்கள் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்தது. ஷாக் அடிக்காமல் நின்று போட, சுவிட்சுக்குக் கீழே ரப்பர் விரிப்பு இருக்கவேண்டும் என்று சர்க்கார் விதி. என் வீட்டுக்காரர் அதை வாங்கிவந்து, பொட்டு வைத்து, மோட்டாருக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்தார். செருப்பை மோட்டார் அறைக்கு வெளியே விட்டுவிட்டு, ஈரத்தரையில் வெறுங்காலோடு சுவிட்சைப் போடுவார்.

"ஏனுங்க, அதுமேல நின்னு போடுங்க" என்பேன்.

"பொட்டு வச்சதைப் போயி மிதிக்கறதா?" என்பார்.

சோதிக்க வந்த அதிகாரி, விரிப்பைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். எதன்மேல் நிற்கிறீர்கள் என்று கேட்க அந்த மகராசனுக்கு வாய் வரவில்லை.

தினமும் வீட்டுக்காரர் மோட்டார் அறைக்குள் போனாலே கைவேலையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பேன். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும்.

ஒருநாள் சத்தமே வரவில்லை. அதுவரை வாயால் சொல்லாத அவர் பேரைக் கத்திக்கொண்டே ஓடினேன்.

கரண்டுதான் போயிருந்தது. வெறுங்காலோடு நின்று, சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.