வாசலில் வைத்த மான் கறி

வேட்டையில் மானைச் சுட்டால் டெல்மர் ஸ்டிடம் முதலில் எடுப்பது முதுகெலும்பின் இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் சதையை. அதுதான் மானில் மிக மென்மையான இடம். ஒரு பக்கத்துச் சதை வீட்டுக்கு. மறு பக்கத்துச் சதை அந்த ஓடையோரத்தில் அந்த வருஷம் யார் சிரமப்படுகிறார்களோ அவர்கள் வீட்டுக்கு. வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, சணலால் குறுக்கே இரண்டு கட்டு போட்டு, வாசலில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். கதவைத் தட்டக் கூடாது. தட்டினால் அவர்கள் வெளியே வந்து நன்றி சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சங்கடத்தை யாருக்கும் கொடுப்பதில்லை என்பது கென்டக்கியின் அந்த மலைமடிப்பில் எல்லா வீட்டிலும் இருந்த பழக்கம்.

மனஸ்தாபம் தீரவும் அதே வழிதான். வேலித் தகராறில் டெல்மரும் அவர் ஒன்றுவிட்ட அண்ணன் ஆர்லிஸும் இரண்டு வருஷம் பேசவில்லை. ஒரு நவம்பரில் டெல்மரின் வாசலில் ஒரு பொட்டலம் இருந்தது. அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வேலியைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு பேச்சும் இல்லை.

டெல்மர் பள்ளிக்கூடம் முடித்த கோடையில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போனவர். தலை நரைத்தபோது ஒரு பகுதிக்கு மேஸ்திரியாக இருந்தார். அதிர்ந்து பேச மாட்டார். கூரை விரிசல் விடுகிறது என்று காதால் கேட்டே ஆட்களை வெளியே இழுத்திருக்கிறார். அவர் மகள் டாம்ரா, அவரிடம் வேலை பார்த்த ராண்டல் ஹென்ஸ்லியைக் கல்யாணம் செய்துகொண்டபோது, "நல்லவேளை, இவன் எப்ப வேலைக்கு மட்டம் போடுவான்னு முன்னாடியே தெரியும்" என்று சொல்லி விருந்தைச் சிரிக்க வைத்தார்.

அந்தச் சுரங்கத்தில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தொழிலாளி எவ்வளவு தூசியை மூச்சில் இழுக்கிறான் என்று அளக்க அரசாங்கம் ஒரு சின்ன பம்பு வைக்கச் சொல்லியிருந்தது. அதை ஷிஃப்டு முழுக்க இடுப்பில் கட்டியிருக்க வேண்டும். கட்டியிருந்தால் அளவு எகிறும், வேலையை நிறுத்த வேண்டி வரும். அதனால் பம்பை வெளிக்காற்று உள்ளே வரும் பாதையில் ஒரு ஆணியில் தொங்கவிட்டுவிட்டு ஆட்கள் உள்ளே போவார்கள். டெல்மருக்கு முன்னால் இருந்த மேஸ்திரிகளும் அதைத்தான் செய்தார்கள். டெல்மரே இருமிக்கொண்டுதான் ஆணியில் மாட்டச் சொன்னார்.

அரசாங்கம் ஒரு நாள் விழித்துக்கொண்டது. வழக்குப் போடலாமா என்று சாட்சிகளை விசாரித்து முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி பைக்வில் ஊரில் உட்கார்ந்தது. ராண்டலுக்கு அழைப்பு வந்தது. அவனுடைய வண்டி பழுதாகிக் கிடந்ததால் டெல்மர்தான் தன் டிரக்கில் கூட்டிப் போனார். மலை இறங்கும் வளைவில் ராண்டல் கேட்டான்.

"மாமா, பம்பைப் பத்திக் கேட்டா என்ன சொல்லட்டும்?"

"இடுப்புல இருந்துச்சுன்னு சொல்லு. ஷிஃப்டு முழுக்க."

"சத்தியம் பண்ணிட்டா சொல்லணும்?"

"உனக்குக் கைக்குழந்தை இருக்கு. சுரங்கத்தை மூடிட்டா சத்தியத்தை வேகவெச்சுச் சாப்பிடுவியா? அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே."

ராண்டல் கையை உயர்த்திச் சத்தியம் செய்து அதைத்தான் சொன்னான். திரும்பி வரும் வழியில் இருவரும் ஹாட் டாக் வாங்கித் தின்றார்கள்.

சுரங்கத்தை எப்படியும் மூடிவிட்டார்கள். ஓடையோரத்து ஆண்கள் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்தார்கள். பிறகு அரசாங்க ஆட்கள் ராண்டலிடம் திரும்ப வந்தார்கள். வேறு மூன்று பேர் ஆணியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், பொய் சொன்னதற்காக நீ சிறைக்குப் போகலாம், அல்லது சொல்லச் சொன்னது யார் என்று சொல்லலாம் என்றார்கள். ராண்டல் சொல்லிவிட்டான்.

சத்தியம் செய்த ஒருவரைப் பொய் சொல்லத் தூண்டியதாக டெல்மர் மேல் ஃபெடரல் வழக்கு வந்தது. ஜாமீன் கொடுத்த நீதிபதி ஒரு நிபந்தனை போட்டார். ராண்டலோடும் மற்ற அரசுத் தரப்புச் சாட்சிகளோடும் நேரிலோ ஆள் மூலமாகவோ எந்தத் தொடர்பும் கூடாது. டெல்மர், "சரிங்க ஐயா" என்றார்.

அவருடைய வக்கீல் லெனோர் ப்ரேதர் லெக்சிங்டனிலிருந்து காரில் வருவாள். டெல்மரின் மகள் வயதுதான். சமையலறை மேசையில், டெல்மரின் மனைவி ஓவெல்லா வைத்த சோள ரொட்டியைத் தொடாமல் பேசுவாள்.

"அரசாங்கம் மூணு விஷயத்தை நிரூபிக்கணும், டெல்மர். ராண்டல் சொன்னது பொய். பொய்னு தெரிஞ்சே சொன்னான். நீங்க சொல்ல வெச்சீங்க. முதல் ரெண்டையும் அவனே ஒத்துக்கிட்டான். மூணாவதுக்கு அவன் வாய் மட்டும்தான். டிரக்குல வேற யாரும் இல்லை."

"நான் சொன்னேனே, அம்மா."

"நீங்க கூண்டுல ஏறவே வேண்டாம். அவன் ஒருதடவை சத்தியம் பண்ணிப் பொய் சொன்னவன். தன்னைக் காப்பாத்திக்க உங்களைக் காட்டிக் குடுத்தவன். அவனை யாரும் நம்பக் கூடாது. அதுதான் நம்ம கேஸ்."

"குத்தத்தை ஒத்துக்கிட்டா?"

"ரெண்டு வருஷம் இருக்கலாம். கூடவும் ஆகலாம்."

ஓவெல்லா அடுப்புப் பக்கமிருந்து திரும்பினாள். "இவரு மாடிப்படி ஏறுறதுக்குள்ள ரெண்டு தடவை நிக்கிறார். ரெண்டு வருஷமா? பெட்டியிலதான் திருப்பி அனுப்புவாங்க."

"அதனாலதான் கேக்கிறேன்," என்றாள் ப்ரேதர். "ராண்டலைப் பத்தி எனக்கு ஏதாவது வேணும். குடி, சூது, எதுவா இருந்தாலும். என்கிட்ட சொல்றது நீங்க சரின்னு சொல்லாம வெளிய போகாது."

டெல்மர் அவளைக் கார் வரைக்கும் கொண்டுவிடப் போனார். அங்கே வைத்துச் சொல்லிவிட்டார். முதுகில் அடிபட்ட வருஷம் ராண்டல் வலி மாத்திரையில் விழுந்துவிட்டான். அவனுடைய சாப்பாட்டு வாளியில் மாத்திரையை டெல்மர்தான் பார்த்தார். ஓடையில் கொட்டினார். ஒரு குளிர்காலம் முழுக்க அவனைத் தன் பக்கத்திலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். அவன் மீண்டுவிட்டான். இது டாம்ராவுக்குத் தெரியாது. ஓவெல்லாவுக்கும் தெரியாது.

"இது போதும்," என்றாள் ப்ரேதர்.

கார் போன பிறகும் டெல்மர் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் வாயிலிருந்து அது வந்திருக்க வேண்டாம் என்று பட்டது. ப்ரேதர் அதைப் பயன்படுத்தினால், தான் வீட்டில் இருக்கலாம். ஆனால் கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் டாம்ரா அதைக் கேட்பாள். ப்ரேதர் இரண்டு தடவை ஃபோன் செய்தாள். இரண்டு தடவையும், "யோசிச்சுச் சொல்றேன் அம்மா" என்றார்.

நவம்பர் வந்தது. டெல்மர் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்றும் கோர்ட் சொல்லியிருந்தது. ஆர்லிஸ் ஒரு மானைச் சுட்டு டிரக்கின் பின்னால் போட்டுக் கொண்டுவந்தார்.

"இந்தாப்பா கைதி, வெட்டுறதுக்கு கவர்மென்ட் தடை போட்டிருக்கா?"

"கத்தியைப் பத்தி எதுவும் சொல்லலை."

"அப்ப வெட்டு. உன் வீட்டுக்காரி மூஞ்சியாவது தெளியட்டும்."

டெல்மர் கொட்டகையில் மானைத் தொங்கவிட்டு முதுகுச் சதையை எடுத்தார். ஒன்றை ஓவெல்லாவிடம் கொடுத்தார். மற்றதைச் சுற்றிச் சணல் கட்டினார். அந்த வருஷம் யாருக்குச் சிரமம் என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. ராண்டலுக்கு வேலை இல்லை. ஓடையோரத்தில் யாரும் அவனிடம் பேசுவதில்லை என்று ஆர்லிஸ் சொல்லியிருந்தார். மாமனாரைக் காட்டிக்கொடுத்தவன் என்று பெட்ரோல் பங்கில் எவனோ முகத்துக்கு நேரே சொன்னானாம்.

நீதிபதி சொன்னது டெல்மருக்கு மறக்கவில்லை. தொடர்பு என்றால் போய்ப் பேசுவது, ஆள் விடுவது, ஃபோன் செய்வது. கதவைத் தட்டாமல் கறியை வைத்துவிட்டு வருவது தொடர்பு என்று அவருக்குத் தோன்றவேயில்லை. ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்குத்தானே அந்தப் பழக்கமே. ஞாயிறு காலை அவர்கள் தேவாலயத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனார். பொட்டலத்தை, கட்டிப்போட்ட நாய்க்கு எட்டாத மேல்படியில் வைத்தார். குழந்தையின் ஒற்றைக் காலுறை படியில் கிடந்தது. அதை எடுத்துக் கதவுக் குமிழில் மாட்டிவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் ஜாமீனை ரத்து செய்யும்படி அரசு வக்கீல் மனு போட்டார். சாட்சியோடு தொடர்பு, சாட்சியைக் கரைக்கும் முயற்சி என்று அதில் இருந்தது. ப்ரேதர் ஃபோனில் கத்தினாள்.

"கறியா? டெல்மர், கறியா கொண்டுபோய் வெச்சீங்க?"

"முதுகுச் சதை, அம்மா."

விசாரணைத் தேதியை மட்டும் சொல்லிவிட்டு அவள் ஃபோனை வைத்தாள்.

ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த நாளில் டாம்ரா இரண்டு தரப்புக்கும் பொதுவாக நடு வரிசையில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராண்டல் கூண்டில் ஏறிக் கையை உயர்த்தினான். சட்டைக் கழுத்து தொளதொளவென்று இருந்தது. இளைத்திருந்தான்.

"வாசல்ல என்ன இருந்தது?" என்றார் அரசு வக்கீல்.

"மான் கறிங்க."

"யார் வெச்சது?"

"மாமா. டெல்மர்."

"பார்த்தீங்களா?"

"இல்லைங்க. கட்டைப் பார்த்தேன். அவரு சணலைக் குறுக்க ரெண்டு தடவை கட்டுவாரு. அப்புறம் குழந்தையோட காலுறை குமிழ்ல தொங்குச்சு."

"எங்ககிட்ட ஏன் சொன்னீங்க?"

"அவர்கிட்டயிருந்து ஏதாவது வந்துச்சான்னு ஆபீசர் கேட்டார். வந்துச்சு. நான் இன்னொரு தடவை பொய் சொல்ல முடியாதுங்க."

"அந்தக் கறி இப்ப எங்கே?"

"சாப்பிட்டுட்டோம்." யாரோ சிரித்தார்கள். ராண்டல் சிவந்துபோனான். "நல்லா இருந்துச்சு."

டெல்மரின் உதடும் ஒரு பக்கம் இழுத்தது. அரசு வக்கீல் சிரிக்கவில்லை.

"அதைப் பார்த்ததும் அவர் உங்களுக்கு என்ன சொல்றார்னு புரிஞ்சுக்கிட்டீங்க?"

ப்ரேதர் எழுந்து ஆட்சேபித்தாள். நீதிபதி பதில் சொல்லச் சொன்னார். ராண்டல் கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். டெல்மரை முதல்முறையாகப் பார்த்தான்.

"என் மேல கோபம் இல்லைன்னு."

அரசு வக்கீல் போய் உட்கார்ந்தார். அவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

டெல்மர் வைத்தது போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் நினைத்தது நினைத்தபடியே அவனுக்குப் புரிந்திருந்தது. புரிந்ததைத் தன் வாயாலேயே சொல்லி அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டான். அவனுக்கும் வேறு வழி இல்லை.

ப்ரேதர் அவர் காதருகே குனிந்தாள். "மாத்திரையைப் பத்திக் கேக்கவா? இப்பவே உடைச்சிடலாம். இல்லைன்னா உங்களை உள்ளே வெச்சிடுவாங்க."

டெல்மர் அவள் கோட்டுக் கையைப் பிடித்தார். "வேண்டாம் அம்மா."

"டெல்மர், நல்லா யோசிச்சு..."

"அவன் நிஜத்தைத்தானே சொல்றான். விட்டுடுங்க."

அவள் எழுந்து, கேள்விகள் இல்லை என்றாள்.

நீதிபதி கெட்டவர் இல்லை. வாசலில் கறி வைக்கும் பழக்கம் தனக்கும் தெரியும் என்றார். தெரிந்ததனால்தான் அது ஒரு செய்தி என்பதும் தெரிகிறது என்றார். ஜாமீனை ரத்து செய்தார்.

ராண்டல் கூண்டிலிருந்து இறங்கி வரும் வழி டெல்மரின் மேசையை ஒட்டித்தான் இருந்தது. கை நீட்டினால் தொடலாம். காலடி பக்கத்தில் வந்து தயங்கியது. டெல்மர் தலையைத் தூக்கவில்லை. பார்ப்பதும் தொடர்பு ஆகிவிடுமோ என்று மேசையின் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தார். காலடி போய்விட்டது. பின்னால் குழந்தை எதற்கோ சிணுங்க, டாம்ரா அதைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

காவலர்கள் விலங்கை எடுப்பதற்குள் ஓவெல்லா தடுப்புக்கு வந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தார். அவள் கேட்டது வேறு.

"கொட்டகையில மீதி மான் தொங்குதே. பின்தொடை ரெண்டும் அப்படியே இருக்கு. வெயில் வேற ஏறுது. யாருக்குக் குடுக்க?"

டெல்மர் வாயைத் திறந்தார். டாம்ரா என்று சொல்ல வந்ததை ப்ரேதரின் முகம் நிறுத்தியது. ஓடையை மேலிருந்து கீழ்வரை மனசுக்குள் ஒரு நடை நடந்து பார்த்தார். சிரமப்படும் வீடு எல்லாம் சுரங்கத்தில் வேலை போன வீடு. சுரங்கத்தில் வேலை பார்த்தவன் எல்லாம் இன்று அரசாங்கத்தின் சாட்சி. பாலத்தருகே இருந்தவன், தேவாலயத்துக்குப் பின்வீட்டுக்காரன், போன வருஷம் பொட்டலம் வாங்கியவன். ஆர்லிஸுக்குக் கொடுக்கலாம் என்றால், மானைச் சுட்டதே அவர்தான்.

"சொல்லுங்க, டெல்மர். யாருக்கு?"

"யாருக்கும் இல்லை," என்றார். "நீயே வெச்சுக்க."

"அவ்வளவையும் நான் ஒருத்தியா என்ன பண்ணுவேன்?"

காவலர் அவர் முழங்கையைத் தொட்டார். டெல்மர் கைகளை முன்னால் நீட்டினார்.