படகில் ஐந்து பேர்

எங்கள் தெருவில் பல்செட் செய்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் செய்த பல்லை மாட்டிக்கொண்ட ஒருவர் ஜன்னல் கம்பியைக் கடித்தே வளைத்தார். நம்பாவிட்டால் போங்கள், மற்றதெல்லாம் பல்செட்காரருடைய தங்கை என்னிடம் சொல்லி அழுதது.

அப்பா அம்மா போன பிறகு தம்பியையும் தங்கையையும் ஆளாக்கியவர் அவர்தான். அந்த அவசரத்தில் தனக்கும் ஒரு கல்யாணம் உண்டென்பதே மறந்துபோயிற்று. இப்போது அவர்கள் ஆளுக்கொரு ஊரில். வந்தால் ஒரு வேளைச் சாப்பாடு, உடனே பெட்டியைத் தூக்கிவிடுவார்கள். நடுக்கடலில் எங்கே ஓடுவார்கள் என்று யோசித்தாரோ என்னவோ, ஐம்பது வயதுக்கு மேல் ஏரியில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுச் சான்றிதழும் வாங்கினார். தெரு அவருக்குக் 'கப்பல்' என்று பெயர் வைத்தது.

கடலில் போக ஒரு வாரத்துக்குப் பாய்மரப் படகு வாடகைக்கு எடுத்தார். தம்பி, தம்பி பெண்டாட்டி, தங்கை, மாப்பிள்ளை, இவர். ஐந்து பேருக்கு மேல் அதில் ஏறக்கூடாது.

படகுக்காரர் சும்மா கொடுத்துவிடுவாரா? ஒருமுறை வெளியே போய்வந்து, துறையில் ஒட்டி நிறுத்திக் காட்டச் சொன்னார். கப்பலும் போனார்; வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி திரும்பி வந்தார். கரையில் நின்ற நால்வரும் கைதட்டினார்கள்.

"அண்ணா, இங்க பாருங்க! சிரிங்க!" என்று தங்கை போனைத் தூக்கினாள்.

கூப்பிட்டது தங்கை. சுக்கானை விட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டினார். படகு பக்கத்துப் படகில் போய் இடித்தது.

"தப்பா நினைக்காதீங்க சார், எங்க ஆள் ஓட்டினாத்தான் தருவேன்" என்றார் படகுக்காரர்.

"அப்ப ஆறு பேர் ஆயிடுமே?"

"ஒருத்தர் கரையில நின்னுக்கணும்."

மாப்பிள்ளை தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இருந்துக்கறேன். ஏரியில தினம் போறவன், எனக்கென்ன?" என்றார் கப்பல். சொல்லிவிட்டு, யாராவது மறுப்பார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"நிஜமாவாண்ணா? அப்புறம் வருத்தப்படக்கூடாது" என்றான் தம்பி.

"லீவு வேற போட்டாச்சு" என்றாள் அவன் பெண்டாட்டி.

"அண்ணா, நான் வேணா..." என்று தங்கை ஆரம்பித்தாள்.

"போடி பைத்தியம்!" என்று அவள் வாயை அவரே அடைத்தார். கொஞ்சம் பொறுத்து அடைத்திருக்கலாம்.

கரையிலிருந்து கயிற்றை அவிழ்க்க ஓர் ஆள் வேண்டும். அவரே அவிழ்த்து, படகை வெளியே தள்ளிவிட்டார். "வேளைக்குச் சாப்பிடுங்கண்ணா!" என்று தங்கை கத்தினாள். பாய் புடைத்தது. அப்படியொரு காற்று அன்றைக்கு.

இரண்டு நாள் கழித்து அவர் பட்டறைப் பக்கம் போனேன். கதவில் 'ஒரு வாரம் விடுமுறை' என்ற அட்டை தொங்கியது. உள்ளே அரம் ராவும் சத்தம். தட்டினேன். முகமெல்லாம் தூளோடு வந்து திறந்தார்.

"என்ன கப்பல், போகலையா?"

"காத்து சரியில்லக்கா" என்று சொல்லிவிட்டு, அட்டையை எடுக்காமலே கதவைச் சாத்திக்கொண்டார்.