மூக்கனின் மூளைக்குச் சத்த வைத்தியம்

இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சூரியன் வந்து விடிந்துவிட்டது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டோம். மூக்கன் சொல்ல வேண்டும். இருட்டோடு எழுந்து, தப்பை நெருப்பில் காய்ச்சி, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயம் லயமாக அடித்து எங்களைப் பெரட்டுக்கு, காலை ஆள்கணக்குக்கு, விரட்டுவது அவர் வேலை. அவர் தப்படித்த இருபத்தெட்டு வருஷமும் அவரைத் திட்டிக்கொண்டேதான் எழுந்தோம்.

ஐம்பத்தொன்பதாம் வருஷ மழையில் படியில் வழுக்கி விழுந்தார். தலையில் அடி. கைகால் தேறியது, ஆட்களை மறந்துவிட்டார். தோட்டத்துத் துரைக்கு ரொம்பக் கவலை. மறுநாளே பெரட்டுக்கு மணி கட்டிவிட்டார்.

மூக்கன் தன் பெண்சாதி ராசம்மாவைப் பார்த்து, "அக்கா, நீங்க எந்த லயம்?" என்று கேட்டார். கல்யாணமான நாள் முதல் அவளுக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? தன் பெயர் அவர் வாயில் வந்துவிடாதா என்று நாலு மாதம் ஏங்கிக் கிடந்தாள்.

தோட்டத்து டிஸ்பென்சர் சிவபாதம் ஐயா யாழ்ப்பாணத்தார். எல்லா நோய்க்கும் ஒரே கலர் தண்ணீர் கொடுப்பவர், ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையைப் படித்துவிட்டார். "மூளைக்குச் சத்தம் வேணும், பிள்ளை. காது வழியாத்தான் அதைத் தட்டி எழுப்ப வேணும்" என்று தன் ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தார். பாட்டுக்கு மூக்கன் அசையவில்லை. பாராளுமன்றச் செய்தி வந்ததும் தூங்கிவிட்டார். எங்களை இந்த நாட்டு ஆட்களே இல்லை என்று சட்டம் போட்ட பாராளுமன்றம். புத்தி தெளிந்தவனே தூங்கத்தான் வேண்டும்.

"தப்புக்காரனுக்குத் தப்புதான் மருந்து" என்று அடுத்து கண்டுபிடித்தார் ஐயா. ஒரு நாள் பகலில், ராசம்மா மலையில் கொழுந்து எடுக்கும்போது, வீரய்யாவைக் கூட்டிவந்தார். வீரய்யா சாவு வீடுகளில் மட்டும் மூக்கனோடு சேர்ந்து அடிப்பவன்.

"ஐயா, எனக்கு எழவு அடி மட்டுந்தாங்க வரும்."

"எந்தச் சத்தமெண்டாலும் காணும். அடியும்!"

அடித்தான். சாவு அடியென்றால் எங்கள் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படித்த ஐயாவுக்குத்தான் தெரியாது. மலை முழுக்கக் கேட்டது. கங்காணி அரைநாள் விடுமுறையே கொடுத்துவிட்டார். தன் லயத்திலிருந்து அந்த அடி வந்ததும் ராசம்மா கூடையை வீசிவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள். பின்னால் நாங்கள் எல்லோரும் ஒப்பாரியோடு போய்ச் சேர்ந்தோம்.

உள்ளே மூக்கன் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் கோபம்.

"ஏண்டா வீரய்யா, இப்படியா அடிப்ப? பொணம் எந்திரிச்சு ஓடிருமேடா! கைய மெதுவா விடு."

"பார்த்தீரோ, அண்டைக்கு வைச்ச ரேடியோ இப்பதான் வேலை செய்யுது!" என்றார் சிவபாதம் ஐயா.

மூக்கன் அவரைச் சட்டை செய்யவில்லை. வாசலில் நின்றவளைப் பார்த்தார்.

"ஏய் ராசம்மா, எதுக்குடி இப்படி அழுவுற? செத்தது யாரு?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து இன்னும் பலமாக அழுதாள். அவருக்கென்று அவசரமாகக் கட்டிக்கொண்டு போன மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.