ஓடையோரம் நிற்காத மனுஷன்

முப்பத்திரண்டு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். ஸ்டாப் இல்லாத இடத்தில் சொந்த மாமனார் கை காட்டியும் நிறுத்தாமல் போனவர். அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். மாமனார் சாகும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதை மட்டும் விட்டுவிடுவார்.

ரிடையர் ஆனதும் மனைவி ஒன்று கேட்டாள். காட்டு ரோட்டோடு நடந்து, மேலே வன விடுதியில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் நடந்தே இறங்க வேண்டும். ஏற்றம் அதிகமில்லை; சின்னப் பிள்ளைகூட ஏறிவிடும். வழி நெடுக மலை ஓடை கூடவே வரும். அதில் காலை விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

இவர் என்ன செய்தார்? ஒன்பது கிலோமீட்டர், மூன்று மணி நேரம் என்று துண்டுச்சீட்டில் டைமிங் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முதல் வளைவிலேயே அவள் செருப்பைக் கழற்றினாள்.

"ஏங்க, இங்க கொஞ்சம் உக்காரலாமா?"

"இப்பவே பத்து நிமிஷம் லேட்டு. வரும்போது பாத்துக்கலாம், வா."

விடுதிக்கு நிமிஷம் பிசகாமல் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே இவருக்காக யாரும் காத்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் மரம் ஏற்றிய லாரி ஒன்று இறங்கியது. ஓட்டுநர் முன்பு இவரோடு பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர். "ஏறுங்கண்ணே" என்றதுதான் தாமதம், ஏறிவிட்டார். கிளட்ச், கியர் என்று வழியெல்லாம் ஒரே பேச்சு. ஜன்னலோரம் அவள் ஓடையைப் பார்த்தபடி வந்தாள். இருபதே நிமிஷத்தில் அடிவாரம்.

"பாத்தியா, கால்வலி மிச்சம்."

அவள் ஓடைப் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதுவாவது இவருக்கு உறைத்திருக்க வேண்டாமா?

நாலே மாதத்தில் அவளுக்கு முதுகுத்தண்டில் கட்டி. ஆபரேஷனில் உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. இப்போது குளிப்பாட்டுவது, தலை வாருவது எல்லாம் இவர்தான். குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் பாதத்தைக் கழுவ உட்காரும்போதெல்லாம் அந்த ஓடை ஞாபகம் வருகிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அப்படி என்ன குடி முழுகியிருக்கும் என்று தன்னையே திட்டிக்கொள்கிறார்.

போன வாரம் மனசு கேட்காமல் சொன்னார்: "கார் எடுத்துட்டு வரேன். ஓடைக்குப் போலாம். நானே தூக்கி உக்கார வைக்கிறேன், எவ்வளவு நேரம் வேணாலும் இரு."

அவள் கோபப்படவில்லை.

"போலாந்தான். தண்ணி பட்டா எனக்குத் தெரியணுமே."

அவர் பக்கெட்டிலிருந்த வெந்நீர் சுடுகிறதா என்று தன் கையை விட்டுப் பார்த்துவிட்டு, அவள் காலில் ஊற்றினார்.