தலை நுழையும் அளவு

கொட்டிவாக்கத்தில் மகன் கட்டப்போகும் வில்லாவின் மாடிக்கு, பிரம்பு நாற்காலிப் பின்னலைப் போலவே துளைத்துளையாய் ஒரு ஜாலிச் சுவர் வரைந்திருந்தாள் ஆர்க்கிடெக்ட். மனை என் பெயரில் இருப்பதால் வரைபடத்தில் நான்தான் கையெழுத்திட வேண்டும். படத்தைப் பார்த்ததுமே என் காதுமடல்கள் எரிந்தன.

மயிலாப்பூரில் நாங்கள் இருந்த வாடகை வீட்டு வராந்தாவிலும் இப்படி ஒரு மரத்தட்டி உண்டு. ஐந்து வயதில், தேர் பார்க்கத் தலையை நுழைத்தேன். போன தலை திரும்பவில்லை.

அம்மா என் காதில் தேங்காயெண்ணெய் தடவியபடி அலறினாள். "ரம்பத்த எடுங்கோ! குழந்தைக்கு மூச்சு முட்டறது!"

அப்பா அரசாங்க குமாஸ்தா. "வீட்டுக்காரர் அனுமதி இல்லாம அறுக்கப்படாதுடி" என்று சொல்லிவிட்டு, முறைப்படி விண்ணப்பம் எழுத உட்கார்ந்தார். ஒப்புதல் வந்து சட்டத்தை அறுப்பதற்குள் தேர் நிலைக்கே திரும்பிவிட்டது.

"துளை எவ்வளவும்மா?" என்று ஆர்க்கிடெக்டிடம் கேட்டேன்.

"ஆறு இன்ச், அங்கிள். சின்னதாக்கினா லுக் போயிடும். இந்தக் காலத்துல எந்தக் குழந்தை அங்கிள் தலைய விடப்போகுது?"

மேஜை மேல் ஏறிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான்கு வயதுப் பேத்தி கேட்டாள்: "தாத்தா, இந்த ஓட்டைல எட்டிப் பார்த்தா கடல் தெரியுமா?"

பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தேன்.